அசையாத முள்

புன்னைக்காயல் போகும் வழியில், உப்பளங்களுக்கு நடுவே கார் நிற்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கிப் பத்து நாள்தான் ஆகிறது. பானெட்டிலிருந்து இட்லிக் கொப்பரையைத் திறந்தது போல ஆவி வருகிறது. சூடு காட்டும் முள்ளோ அடியிலேயே கிடக்கிறது. "எவ்வளவு ஓட்டினாலும் முள் ஏறாது சார், அவ்வளவு குளிர்ச்சியான வண்டி" என்று விற்றவர் சொன்னதை வீட்டில் பெருமையாகச் சொல்லியிருந்தேன். பக்கத்தில் இருக்கும் மனைவி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

தண்ணீர் பிடிக்கக் காலி பாட்டிலோடு உப்பளப் பாத்தியில் இறங்கப் போகிறேன். எதிரே வந்த மீன் வண்டி நிற்கிறது.

"அது உப்புத் தண்ணில்லா அண்ணாச்சி. ஊத்துனா ரேடியேட்டர்ல உப்புதான் விளையும்" என்றபடி அதன் டிரைவர் இறங்கி வருகிறார். எஞ்சின் ஆறும்வரை பொறுத்திருந்து, கீறிப்போன ஹோஸில் பழைய டியூப் ரப்பரைச் சுற்றி, வலை நூலால் இறுக்கிக் கட்டுகிறார். நல்ல தண்ணீர் அவரிடமும் இல்லை. சாளை மீன் பெட்டியில் உருகிக் கிடக்கும் ஐஸ் தண்ணீரைத் துணியில் வடிகட்டி ஊற்றுகிறார்.

"முள்ளுதான் வேலை செய்யலையே. திரும்பச் சூடானா எப்படித் தெரியும்?" என்று கேட்கிறேன்.

"அதெல்லாம் தெரிஞ்சிரும், போங்க."

நாலு கிலோமீட்டர் போனதும் காருக்குள் சாளை அவியும் வாசம் எழுகிறது. முள் அசையவில்லை. மனைவி அப்போதுதான் வாயைத் திறக்கிறாள்.

"நிப்பாட்டுங்க. வெந்துட்டு."