நாலு மணிப் பாட்டும் பத்தாவது இன்னிங்ஸும்

தமிழ் நிகழ்ச்சிகள் எதுவும் சொன்ன நேரத்துக்குத் தொடங்குவதில்லை என்று மூன்று பக்கத்துக்குக் கிண்டலடித்து எழுதி, அதற்காக ஒரு பொன்னாடையும் வாங்கிக்கொண்ட ஆள் நான். அந்தப் பொன்னாடை நிகழ்ச்சி இரண்டரை மணித்தியாலம் பிந்தித் தொடங்கியது. அதையும் அடுத்த இதழில் எழுதினேன். இவ்வளவும் எழுதிய அதே பேர்வழி, போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாலு மணிக் கச்சேரிக்கு ஐந்தரைக்குப் போனால் தாராளம் என்று சொந்த மனைவிக்குக் கணக்குப் பார்த்துச் சொன்னான். வெட்கக்கேடுதான். ஆனால் கணக்கில் பிழை இருக்கவில்லை. நாலு மணி என்று நோட்டீஸ் போட்டால் ஐந்துக்கு விளக்கேற்றுவார்கள், பிறகு வரவேற்புரை, தலைமையுரை, தலைமையுரைக்கு நன்றியுரை. ஆறு மணிக்கு முன்னர் யாராவது வாய் திறந்து பாடியதை நான் இந்த நாட்டில் முப்பது வருடமாகக் காணவில்லை.

பாட வந்தவர் எழுபதைத் தாண்டியவர். எங்கள் வயதுக்காரர் எல்லோருக்கும் அவர் குரலில் ஒரு வயது இருக்கிறது. ஐரோப்பாவுக்கு இதுதான் கடைசிப் பயணம் என்று நோட்டீஸில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். எந்த மேடையிலும் அவர் முதலில் பாடுவது ஒரே பாட்டு. என் மனைவிக்கு வேண்டியது அந்த ஒரு பாட்டுத்தான்.

அதற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்தில் கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை என்றிருந்த வருடங்களில், அவள் வீட்டில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் இருந்து ரேடியோவுக்கு வயர் கொடுத்துப் பாட்டுக் கேட்பார்கள். ஒருவர் பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் கடைசிப் பிள்ளை யாரோ அவர்தான் அந்த ஒருவர். மூன்று அண்ணன்மாரும் பாயில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்க, இவள் சுற்றுவாள். கை சோர்ந்தால் பாட்டும் சோர்ந்து கிணற்றுக்குள் இறங்கும். "சுத்தடி, சுத்தடி" என்று பாயிலிருந்து சத்தம் வரும். அந்தப் பாட்டு அவளுக்குச் சங்கிலிச் சத்தத்தோடுதான் தெரியும்.

இப்போது யூடியூபில் ஒரு நாளைக்கு நூறு தரம் கேட்கலாமே என்று ஒருமுறை சொன்னேன். "கேக்கலாம். ஆனா அந்தாள் முன்னால நிண்டு பாட, நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்து கேக்கோணும். ஒருக்காக் காணும், அது போதும்" என்றாள். முதியோர் இல்லச் சமையலறையில் வேலை அவளுக்கு. அந்த ஞாயிறு லீவுக்கு இரண்டு மாதத்துக்கு முதலே ஆன்ட்ராக் என்கிற விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அதே ஞாயிறு மதியம் மகளுக்கு பேஸ்பால். ஜெர்மனியில், வுப்பர்டால் நகரில், பதினாறு வயதுத் தமிழ்ப் பிள்ளை ஏன் பேஸ்பால் விளையாடுகிறாள் என்று என்னைக் கேட்காதீர்கள். பரதநாட்டியத்துக்கும் விட்டோம், வயலினுக்கும் விட்டோம். அவள் தானாகப் போய்ச் சேர்ந்தது இது ஒன்றுதான். அன்று பருவத்தின் கடைசி ஆட்டம், கிண்ணத்துக்கானது. அந்த ஆட்டத்துக்குக் குறிப்பெழுதுபவன் நான்.

இதுவும் என் வாயால் வந்த வினை. அதற்கு முந்தின கோடையில் கழகத்துக் கிரில் விருந்தில், பள்ளிக்கூட நாளில் கிரிக்கெட் அணிக்கு நான்தான் ஸ்கோரர் என்று ட்ரெய்னருக்குச் சொல்லியிருந்தேன். உண்மையில் நான் தகரத்தில் எழுதிய இலக்கங்களைப் பலகை ஆணியில் கொழுவுகிற பிள்ளை. ஆனால் ஜெர்மன் மொழியில் அதை விளக்க எனக்குச் சொல் வரவில்லை, பெருமையடிக்கச் சொல் வந்தது. அடுத்த கிழமையே ட்ரெய்னர் ஒரு பெரிய தாளும் சீவிய பென்சிலும் கொண்டுவந்து தந்தார். சின்னச் சின்னச் சதுரங்கள், ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு சாய்சதுரம். பார்த்தால் சாதகக் கட்டம் மாதிரி. எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. மூன்று மாதம் இரவிரவாகப் படித்தேன். யார் எறிந்தார், யார் பிடித்தார், ஓடியவன் எந்த மூலையில் செத்தான் எல்லாவற்றுக்கும் ஒரு குறி உண்டு. பிறகு ஒவ்வொரு சொந்தக் களத்து ஆட்டத்துக்கும் நான்தான். கழகத்தில் என்னை எல்லோரும் மரியாதையாக வணங்குவதாக எனக்கு ஒரு நினைப்பு.

ஆட்டம் ஒரு மணிக்கு. ஏழு இன்னிங்ஸ், மூன்று மணிக்கு முடியும். மண்டபம் நாற்பது நிமிட ஓட்டம். எவ்வளவு இழுத்தாலும் நாலுக்கே போய், காலியாக இருக்கும் முன்வரிசையில் உட்கார்ந்துவிடலாம். மனைவி பட்டுச்சேலை உடுத்து, தலைக்கு மல்லிகைச் சரம் வைத்து, நேரே மைதானத்துக்கே வந்துவிட்டாள். பிரட்வூர்ஸ்ட் இறைச்சிக்குழல் சுடுகிற புகைக்கு நடுவில் மயில்கழுத்து நிறத்தில் அவள் இருந்ததைப் பார்த்து, ட்ரெய்னரின் மனைவி, "இறுதி ஆட்டத்துக்காகவா இவ்வளவு அழகாக வந்தீர்கள்?" என்று கேட்டு நெகிழ்ந்துபோனார். மனைவி சிரித்துச் சமாளித்தாள். அந்த அம்மா பிறகு எங்களுக்குப் பின்னால் குடைக்குக் கீழே உட்கார்ந்து டாப்லெட்டில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். பாவம், பொழுது போகாமல் ஏதோ கேம் விளையாடுகிறார் என்று நினைத்து இரக்கப்பட்டேன்.

மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு ஏழாவது இன்னிங்ஸ் முடிந்தது. ஆறுக்கு ஆறு. நான் பென்சிலைப் பையில் போட்டு, பக்கத்தில் இருந்த எதிரணிக் கிழவருக்குக் கை நீட்டினேன். அவரும் தன் ஆசைக்கு ஒரு கொப்பியில் எழுதுகிறவர். என் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எங்கே போகிறீர்கள்? இனி எட்டாவது."

"சமநிலைதானே?"

"இந்த விளையாட்டில் அப்படி ஒன்று இல்லை."

ஐந்து நாள் வெயிலில் நின்று ஆடிவிட்டு, ஒருவரும் வெல்லவில்லை, ஒருவரும் தோற்கவில்லை, தேத்தண்ணி குடிப்போம் என்று கைகுலுக்கிப் போகிற ஒரு நாகரிகத்தில் வளர்ந்தவன் நான். மூன்று மாதம் படித்ததில் இந்த ஒரு பக்கத்தை மட்டும் புரட்டாமல் விட்டிருந்தேன். சமநிலை என்றால் வீட்டுக்குப் போகலாம் என்பது எனக்கு எழுதிப் படிக்க வேண்டிய விஷயமாகத் தெரியவில்லை.

எட்டாவதில் இரண்டு பக்கமும் ஒன்றும் எடுக்கவில்லை. மனைவி வாங்குப் பலகையில் மெல்ல நகர்ந்து எனக்குப் பக்கத்தில் வந்தாள்.

"இஞ்சேருங்கோ, இன்னும் எவ்வளவு நேரம்?"

"சொல்ல ஏலாது."

"மணித்தியாலக் கணக்கு ஒண்டும் இல்லையோ?"

"இல்லை. ஒரு ஆள் வெல்லும் மட்டும்."

"வெல்லாட்டில்?"

"வெல்லும் மட்டும்."

"வேறை ஆரும் எழுத மாட்டினமோ?"

"இது லேசுப்பட்ட வேலை இல்லை," என்றேன். "தாள் இல்லாட்டில் ஆட்டமே செல்லாது. பிள்ளையின்ர கிண்ணம்." பிறகு, ஒரு நோயாளிக்குச் சொல்வதுபோலக் குரலைத் தணித்து, "நீர் யோசியாதையும். ஆறு மணிக்கு முன்னம் துவங்க மாட்டினம். நான் எழுதினதை வாசிச்சனீர்தானே" என்றேன்.

அவள் கார் ஓட்டி வருடக்கணக்காகிறது. ஞாயிறு பஸ் மணிக்கு ஒன்று. அதெல்லாம் இருந்தாலும், மகள் மைதானத்தில் நிற்கும்போது எழுந்து போகிறவள் இல்லை. போய் இருந்தாள். கைப்பையைத் திறந்து நுழைவுச்சீட்டு இரண்டையும் பார்த்துவிட்டு மூடினாள்.

ஒன்பதாவதில் விருந்தாளி அணி ஒரு ஓட்டம் எடுத்தது. எங்கள் முறையில் இரண்டு பேர் அவுட், மூன்றாவது மூலையில் ஓர் ஆள் வந்து நிற்கிறான், மட்டையோடு வருவது என் மகள். நேரம் மூன்றரை. அவள் அவுட் ஆனால் எல்லாம் முடிந்தது. கிண்ணம் போகும், நாங்கள் நாலேகாலுக்கு மண்டப வாசலில் நிற்போம்.

ஒரு தகப்பன் எழுதக்கூடாததை எழுதுகிறேன். முதல் பந்தை அவள் தவறவிட்டபோது என் மனம் லேசானது. இரண்டாவதையும் தவறவிட்டாள். இன்னொன்று தப்பினால் அவுட். நான் தாளில் அவள் சதுரத்துக்குள் பென்சில் நுனியை வைத்துக்கொண்டு, நல்லூர்க் கந்தனிடம் கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டேன். அவன் கேட்கவில்லை. மூன்றாவது பந்தை அவள் அடித்தாள், அது இரண்டு பேருக்கு நடுவால் பாய்ந்து புல்லில் ஓடியது. மூன்றாவது மூலையில் நின்றவன் உள்ளே வந்துவிட்டான். ஏழுக்கு ஏழு.

மயில்கழுத்துச் சேலை எழும்பி நின்று கை தட்டியது. மல்லிகைச் சரம் ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டது. தன்னுடைய பாட்டுக்குத் தானே ஆப்பு வைக்கிறோம் என்று தெரிந்துதான் தட்டினாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. என் வேலை அந்தச் சதுரத்துக்குள் ஒரு கோடு இழுப்பது. இழுத்தேன். கோடு கோணல்.

பத்தாவதில் தோற்றோம். இரண்டு ஓட்டத்தால், ஒழுங்காக, ஒரு பரபரப்பும் இல்லாமல். நாலு மணி பத்து. உடனே ஓடலாம் என்றால், கீழ்வரிக் கூட்டுத்தொகையும் பக்கவாட்டுக் கூட்டுத்தொகையும் ஒத்துவர வேண்டும், அது ஒன்றால் உதைத்தது. மனைவி காருக்குள் போய் இருந்து பெல்ட் போட்டுவிட்டாள். அந்த ஒன்று நாலாவது இன்னிங்ஸில் ஒளித்திருந்ததைக் கண்டுபிடிக்க எனக்குக் கால் மணித்தியாலம் எடுத்தது. ட்ரெய்னர் தாளை இரண்டு கையாலும் வாங்கி, என் தோளில் தட்டி, மடித்து, கிரில் கரி மூட்டைக்குப் பக்கத்தில் இருந்த பெட்டிக்குள் வைத்தார். மகள் அணியோடு அழுது முடித்துவிட்டு வருவதாகச் சொன்னாள்.

வழியெல்லாம் நான் பேசிக்கொண்டு வந்தேன். தலைமையுரை இப்போதுதான் நடக்கும் என்றேன். தலைவர் முதலில் சங்கத்தின் வரலாற்றைச் சொல்வார், பிறகு தன்னுடையதை என்றேன். மனைவி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மண்டபத்துக் கார் தரிப்பிடம் நிறைந்திருந்தது. ஐந்தேகாலுக்கு ஒரு தமிழ்க் கச்சேரியில் கார் விட இடமில்லை. வாசலில் இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண், முப்பது வயதிருக்கும், பட்டியலும் கையுமாக நின்றாள். சீட்டைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"அங்கிள், நீங்கள்தானே அந்த ஆர்ட்டிக்கிள் எழுதினது?"

"ஓம்."

"எங்கட கமிட்டியில அதை எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினது. அதுக்குப் பிறகுதான் பேச்சு முழுக்க வெட்டினாங்கள். நாலு மணிக்கு விளக்கு, நாலு அஞ்சுக்கு முதல் பாட்டு. ஏழு மணிக்கு மண்டபம் திருப்பிக் குடுக்கோணும்." அவள் உண்மையான மகிழ்ச்சியோடு சொன்னாள். "நன்றி அங்கிள்."

என் எழுத்து சமுதாயத்தில் ஏதாவது ஒரு மாற்றத்தை உண்டாக்கியது அது ஒரே தரம்.

பின்வரிசையில் இடம் கிடைத்தது. பெரியவர் கதிரையில் இருந்து பாடிக்கொண்டிருந்தார். குரலில் தூசி படிந்திருந்தாலும் அது அவர் குரல்தான். மனைவி கையை மடியில் வைத்துக்கொண்டு மற்றப் பாட்டுகளைக் கேட்டாள். என்னால் இருக்க ஏலாமல் போய், ஸ்கோர்ப் பென்சிலால் ஒரு காகிதத் துண்டில் அந்தப் பாட்டின் முதல் அடியை எழுதி, மேடைக்கு அனுப்பினேன். கீழே என் பெயரைப் போட்டது அடுத்த பிழை. அறிவிப்பாளர் எங்கள் ஊர்க்காரர், ஒலிவாங்கி கிடைத்தால் விடாதவர்.

"இந்தத் துண்டை அனுப்பினவர் ஆரெண்டு தெரியுமோ? தமிழர் நேரத்துக்குத் துவங்கிறேல்லை எண்டு எழுதினவர். அண்ணை, நாங்கள் துவங்கிட்டம். உங்களைத்தான் காணேல்லை."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. நான் எழுதியதற்கு இதில் பாதி கூடச் சிரித்திருக்க மாட்டார்கள். பெரியவர் துண்டை வாங்கிப் பார்த்தார்.

"மன்னிச்சுக்கணும் சார்," என்றார். "அந்தச் சுருதி இப்பல்லாம் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் வருது. இன்னைக்கு உள்ளத நாலு மணிக்கே செலவழிச்சிட்டேன்."

அதற்கும் கை தட்டினார்கள். அடுத்த பாட்டுத் தொடங்கியது. நான் மனைவியின் முகத்தைப் பார்க்கத் துணியாமல் அவள் கையைப் பார்த்தேன். வலது கை முந்தானை நுனியைப் பிடித்து மடியில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் காலை மகள் கோர்ன்ஃபிளேக்ஸ் கிண்ணத்தோடு வந்து இருந்தாள். கண் இன்னும் வீங்கியிருந்தது.

"அம்மா, உங்கட பாட்டு எப்பிடி?"

"நல்லாப் பாடினவராம்," என்றாள் மனைவி, தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே.

மகள் என்னைப் பார்த்தாள். நான் விளக்கினேன். தாளைப் போட்டுவிட்டு நடுவில் போக ஏலாது, எழுதுகிறவன் போனால் ஆட்டம் செல்லாது, அவளுடைய கிண்ணத்துக்காகத்தான் கடைசி மட்டும் நின்றேன் என்று, கொஞ்சம் தியாகம் கலந்த குரலில்.

அவள் கரண்டியைக் கிண்ணத்துக்குள் விட்டாள்.

"அதுக்கேன் நிண்டனீங்கள், அப்பா? ட்ரெய்னற்ற வைஃப் தானே டாப்லெட்டில எழுதுறவ. அதுதான் ஒஃபிஷியல். உங்களுக்கு ஆசையா இருக்கெண்டுதான் அவை தாள் தாறவை."