காப்புக் கட்டியவனின் மதியச் சாப்பாடு

பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டுவிட்டேன். பயத்தைத்தான் விட முடியவில்லை.

அந்தப் பங்குனியில் ஸ்ரீவில்லிபுத்தூர் அம்மன் கோயிலில் பூக்குழி இறங்குவதாக நேர்ந்துகொண்டு, கையில் காப்புக் கட்டியிருந்தேன். கவிச்சி வாயில் பட்டால் நெருப்பில் கால் வெந்துவிடும் என்று தெருவில் யாரோ சொன்னார்கள். சொன்னவர் மறந்திருப்பார். நான் தினமும் குளிக்கும்போது உள்ளங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலை இராஜபாளையத்தில், பேண்டேஜ் துணி கம்பெனியில். மதியம் மூன்று பேர் ஒன்றாக உட்காருவோம்: நான், துணி மடிக்கிற தளவாய்புரத்து அக்கா, லோடு ஏற்றுகிற அண்ணன். தன் டப்பாவைத் தானே திறக்கக் கூடாது என்பது எங்களுக்குள் ஒரு வழக்கம். பக்கத்தில் இருப்பவர் திறந்து முதல் வாய் எடுக்க வேண்டும், என்ன ஏது என்று கேட்காமல். அக்கா வேதக்காரி, ஞாயிறானால் சர்ச்சுக்குப் போகிறவள். அவளுக்கும் அப்போது தவக்காலம், மீன், கறி எதையும் தொடமாட்டாள். அதனால் அவள் டப்பாவை மட்டும் நான் பயமில்லாமல் திறப்பேன்.

அன்று உள்ளே சிவக்கப் பொரித்த துண்டுகள் இருந்தன. ஒன்றை வாயில் போட்டேன். அசல் மீன் மசாலா. யோசிப்பதற்குள் நாக்கில் முள் தட்டியது.

அண்ணன் இன்னொன்றை எடுத்து மென்றபடி, "யக்கா, சீலா மீனு நல்லா பதமா பொரிஞ்சிருக்கு" என்றார். அக்கா தலையே நிமிரவில்லை.

குழாயடிக்கு ஓடி, தொண்டை வலிக்கும் வரை கொப்பளித்தேன். உள்ளங்கால் அப்போதே சுடுவது போலிருந்தது. திரும்பி வந்து, காப்பை அவிழ்த்துவிடவா, பூசாரியிடம் சொல்லவா, சொன்னால் அம்மா காதுக்குப் போய்விடுமே என்று அழாத குறையாகப் புலம்பினேன்.

அக்கா ஒரு துண்டைப் பிட்டு என் முன்னால் நீட்டினாள். வாழைக்காய். நடுவில் முள்ளாகச் சொருகியிருந்தது கறிவேப்பிலைக் காம்பு. காலையில் எழுந்து ஒவ்வொரு துண்டுக்கும் மெனக்கெட்டுச் சொருகியிருக்கிறாள்.

"ஏலே, நானும்ல தவசு இருக்கேன். ஒனக்குக் கால் வெந்தா எனக்கு நாக்கு வேகாதா?"

எனக்கு அதோடு அடங்கவில்லை. வாழைக்காயை நறுக்கிய அருவாமனையில் முன்பு மீன் வெட்டியிருப்பார்களே என்று கேட்டேன்.

"சாம்பப் போட்டு வெளக்கி வச்சாச்சு. இப்ப அருவாமனையும் தவசுதான்."

எண்ணெய் பற்றிக் கேட்டேன். புதுசு என்றாள். சட்டி பற்றிக் கேட்டேன். அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. "பேசாம பூக்குழிக்கு நாங்களும் வாரோம்ல. கால் வெந்தா அங்கனயே சுத்திவிட்டுருதோம். நம்மகிட்ட துணிக்கா பஞ்சம்?"

அப்போதுதான் எனக்கும் சிரிப்பு வந்தது. இன்னொரு துண்டு எடுக்கலாம் என்று கையை நீட்டினேன். நான் விசாரணை நடத்திய நேரத்தில் இரண்டு பேருமாகத் தின்று முடித்திருந்தார்கள். டப்பாவில் காம்புகள்தான் கிடந்தன.

நாளைக்கும் கொண்டு வரச் சொன்னேன்.

"கொண்டாறேன். முள்ளோடயா, முள்ளில்லாமயா?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "முள்ளோட" என்றேன்.