அழாத பிள்ளைக்கே முதல் இடம்

குழந்தைகள் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவின் வாசலில் உட்கார்ந்து, யார் முதலில் உள்ளே போவது என்று சொல்கிற நர்ஸ் வேலை இருக்கிறதே, அது ஊரெல்லாம் திட்டு வாங்கச் சம்பளம் தருகிற வேலை. வரிசையைக் காத்து வயிறு வளர்க்கும் சக பாவப்பட்டவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

மரியாதையான மிரட்டல்

செல்போன் எல்லோர் கைக்கும் வந்திராத காலம். திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளி ஒருவர் மகனைத் தூக்கிக்கொண்டு வந்தார். பையன் மூக்கில் சட்டைப் பட்டன் சிக்கியிருந்தது. அவன் போட்ட கூச்சலில் கட்டடமே அதிர்ந்தது. அப்படிக் கத்துகிறவனுக்கு மூச்சு நன்றாகவே போகிறது. என் கண் முன்னாலேயே உட்காருங்கள், கூப்பிடுகிறேன் என்றேன். எங்கள் பக்கத்தில் அடிக்க வந்தாலும் 'ங்க' போட்டுத்தான் அடிப்பார்கள். செல்போனை ஆட்டிக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க சிஸ்டர், ஒரு போன் போட்டா நாளைக்கு உங்களுக்கு இங்க வேலை இருக்காதுங்க. போடட்டுங்களா?"

தேவலை

போடுங்கள் என்றுவிட்டுக் கடைசி பெஞ்சைப் பார்த்தேன். சாத்தூர் பக்கமிருந்து பிழைக்க வந்து, முதலிபாளையத்தில் தையல் மெஷினில் உட்காரும் பெண். வந்தவர்களுக்கெல்லாம் இடம் விட்டு விட்டுக் கடைசிக்குப் போயிருந்தாள். மடியில் ஒன்றரை வயதுப் பையன். காலையிலிருந்து வயிற்றுப்போக்காம். "இப்பத் தேவலை சிஸ்டர், அழுகைய நிறுத்திட்டான்" என்றாள்.

இந்தத் 'தேவலை'யைக் கேட்டால் போதும், உடனே எழுந்துபோய்ப் பிள்ளையைப் பார்த்துவிடுவேன். பையனின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டேன். மடிப்பு அப்படியே நின்றது; உடம்பில் தண்ணீரே இல்லை. கண் குழிந்து, நாக்கு காய்ந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். வாரிக்கொண்டு உள்ளே ஓடினேன். பயந்துபோயிருந்தேன், இவ்வளவு நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாளே என்று கோபமும் வந்தது. பின்னாலேயே ஓடிவந்தவள் கேட்டாள்: "சிஸ்டர், எனக்கு முன்னால வந்தவுக கோவிச்சுக்கிட மாட்டாகளா?"

மன்னிப்பு

முதலாளி போன் போட்டே விட்டார். ஆஸ்பத்திரி மேனேஜர் வந்து அவரிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். "மாட்டேன். வேணும்னா நாளையிலிருந்து யார் முதல்னு நீங்களே சொல்லுங்க" என்றேன். போனால் போகட்டும் என்றுதான் நின்றேன்.

மேனேஜர் என்னை விலக்கிவிட்டு, அப்படி யாரைத்தான் முதலில் அனுப்பினேன் என்று பார்க்க உள்ளே போனார். தையல்காரப் பெண்ணின் பையனுக்கு ஊசி குத்த நரம்பு அகப்படாமல் டாக்டர் திணறிக்கொண்டிருந்தார். ஒருவழியாக டிரிப் ஏறி, வெகுநேரம் கழித்துப் பையன் மெல்லச் சிணுங்கினான். அதுவரை மேனேஜர் அங்கேயே நின்றார். வெளியே வந்தவர் முகம் வெளுத்திருந்தது. "அவர்கிட்ட மன்னிப்ப நானே கேட்டுக்கறேனுங்க, நீங்க எந்திரிச்சுப் போயிராதீங்க."

திட்டு வாங்கி இதுவரை எந்த நர்ஸும் செத்ததில்லை என்பதால், திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம், உட்கார்ந்துகொண்டு.