கவுதாரிக்கு விட்ட மூலை

என் வீட்டுக்காரரின் தங்கை கல்லலிலிருந்து எங்களிடம் வந்தது தை மாதக் கடைசியில். அவள் புருஷன் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன் மதினி" என்றாள். அதற்கப்புறம் பேச்சே குறைந்துவிட்டது. அண்ணன் காரைக்குடிக் கடைக்குக் கிளம்பியதும் பின்கட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாள்.

ஜன்னலுக்கு வெளியே எங்கள் பழைய கோழி அடைப்பு. கம்பிவலையே தெரியாமல் கோவைக்கொடி படர்ந்து, உள்ளே துத்தியும் நாயுருவியும் இடுப்பளவு நின்றன. காலை வெயில் அதற்குள் இறங்கும்போது குளத்துக்கு அடியில் இருந்து பார்ப்பது போலிருக்கும். சில நாள் நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். காபி ஆறிப்போவது தெரியாது.

"கோழி வளத்தீகளா மதினி?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"வளத்தோம்" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் பின்பக்கம் அரிவாள் சத்தம். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் துத்தியை வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "அங்குட்டு நின்னு கொடியப் பிடிச்சு இழுங்க" என்றாள். இழுத்தேன். கொடி பாய் போலச் சுருண்டு வந்தது. கம்பி துருப்பிடித்து இரண்டு இடத்தில் விட்டிருந்தது. மண் மட்டும் கறுத்து, கையில் எடுத்தால் புட்டு மாவு போல் உதிர்ந்தது. இரண்டு பேரும் பேசாமல் வேலை செய்தோம். நேரம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மூன்றாம் நாள், கடைசி மூலையில் அவள் அரிவாளை ஓங்கினாள். காலடியிலிருந்து படபடவென்று ஒரு கவுதாரி கிளம்பியது. அவள் "ஆத்தாடி!" என்று அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். வந்ததிலிருந்து அன்றுதான் அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

புல்லுக்கடியில் ஏழு முட்டை, பாலேட்டின் நிறத்தில்.

"இந்த மூலைய விட்டுருவோம் மதினி. அது பொரிச்சுட்டுப் போகட்டும்."

கவுதாரி சாயங்காலமே திரும்பி வந்துவிட்டது. அதன் பிறகு நாங்கள் அடைப்புக்குள் போகவில்லை. கவுதாரி வந்துபோக மூலையில் ஓர் இடைவெளி விட்டு, வெளியே நின்று கம்பியை மட்டும் சத்தமில்லாமல் கட்டினோம். மத்தியானங்களில் ஜன்னலோரம் உட்கார்ந்து புல்லையே பார்த்திருப்போம். சில சமயம் கவுதாரி தெரியும், சில சமயம் வெறும் நிழல்தான். அப்படி ஒரு மத்தியானம், யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிய அவசரத்தில் அடைப்புக் கதவுக்குக் கொண்டி போடாமல் போனது நான்தான். திரும்பி வந்தபோது வாசல் வரைக்கும் இறகு கிடந்தது. நாய்கள். கதவு தானாகத் திறந்துகொண்டது என்று அவள் அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அவுகளுக்கு நெஞ்சு வலின்னப்ப நான் வயல்ல இருந்தேன் மதினி" என்றாள். "என் போன் வீட்டுல கெடந்துச்சு."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வெளியே, வெட்டாமல் விட்ட மூலையில் கோவை இலைகள் அசைந்துகொண்டிருந்தன.

ஒரு காலையில் கூட்டில் ஓடுகள் மட்டும் கிடந்தன. தாயும் குஞ்சுகளும் வேலிக்கு வெளியே, பொட்டலைத் தாண்டிப் போய்விட்டிருந்தன. அந்த இடைவெளியையும் கட்டிவிட்டு, அந்த வாரமே அவள் கல்லலுக்குப் போய், ஐந்து பெட்டையும் ஒரு சேவலும் கூடையில் வைத்துக் கட்டி டவுன் பஸ்ஸில் கொண்டுவந்தாள்.

கூடையைத் திறந்ததும் கோழிகள் அசையாமல் நின்றன, எந்த ஊர் என்று யோசிப்பது போல. பிறகு ஒரு சிவப்புப் பெட்டை அந்தக் கறுத்த மண்ணைக் காலால் கிளறியது. அவள் கதவை இழுத்துக் கொண்டி போட்டாள்.

"நீங்க ஒரு தடவ இழுத்துப் பாருங்க மதினி" என்றாள்.