எலும்பண்ணை கதைத்த நாள்

சின்ன மாமா கடலில் காணாமற் போவதற்கு முன்பே எங்கள் வீட்டுக் கணினிக்குள் செத்துப்போயிருந்தார். செத்தவராக அவர் மிகத் திறமாக நடித்தார். பத்து வயதுக்குள் நான் கேட்ட நல்ல பகிடிகளில் பாதி அந்தப் பிணம் சொன்னவைதான்.

அது ஒரு புராணக் கணினி விளையாட்டு. அசுரர்கள், பறக்கும் தேர்கள், வரம், சாபம் என்று வழக்கமான சாமான்கள் எல்லாம் அதில் இருந்தன. விளையாடுபவர் வாள் பிடிக்கவும் தெரியாத இளவரசனாகவோ இளவரசியாகவோ தொடங்க வேண்டும். அந்தப் பிள்ளையைப் பழக்கி எடுப்பதற்குச் சுடலையில் ஓர் எலும்புக்கூடு காத்திருக்கும். அவர் பழைய போர் ஒன்றில் விழுந்த தேரோட்டி. யமனுடைய ஆட்கள் வந்த நேரத்தில், கழன்று உருண்டுபோன தன் தலையைத் தேடிக்கொண்டிருந்தாராம். தலையில்லாதவர் யார் என்று உறுதிப்படுத்த முடியாததால் அவர்கள் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து வருகிற வீரர்களுக்கெல்லாம் போர் பழக்குவதே அவருக்கு உத்தியோகம். சிரித்தால் தாடை கழன்று விழும். விலா எலும்புகளுக்குள் ஒரு காகம் கூடு கட்டியிருந்தது. அது முட்டையிட்டால் அன்றைக்குப் பாடம் இல்லை. நாங்கள் அவரை எலும்பண்ணை என்று அழைத்தோம்.

எலும்பண்ணை முதலில் ஆங்கிலம்தான் பேசினார். அம்மாவின் கடைசித் தம்பியான சின்ன மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. "உவன் வெள்ளைக்காரன் மாதிரிக் கதைச்சால் ஆருக்குப் பகிடி விளங்கும்?" என்றார். அவர் அப்போது கணினி படித்துக்கொண்டிருந்தார். விளையாட்டின் ஒலிக்கோப்புகள் இருந்த இடத்தைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றாகத் தன் குரலில் பதிந்து, பழைய பெயரிலேயே திரும்ப வைத்தார். வெளிச்சத்தம் விழாதிருக்க அம்மாவின் சேலைகள் தொங்கிய அலுமாரிக்குள் புகுந்து பதிந்தார். கலியாணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்த சின்ன மாமி, எழுதி வைத்திருந்த வசனங்களுக்கு ரோச் லைற் அடித்துக்கொண்டு கதவோரம் நின்றார். ஒரு வசனத்தின் முடிவில் மாமியால் அடக்க முடியவில்லை. அவருடைய சிரிப்பும் சேர்ந்து பதிவாகிவிட்டது. மாமா அதை அழிக்கவில்லை. "இருக்கட்டும். எலும்பண்ணைக்கும் ஒரு பெண்சாதி வேணும்தானே."

இப்படித்தான் எலும்பண்ணை எங்கள் ஊர்த் தமிழ் பேசத் தொடங்கினார். விளையாட்டில் நான் சுடலைக் கதவைத் தட்டினால் "ஓம், நான்தான். வேறை ஆர் உந்தச் சுடலைக்குள்ளை குடியிருக்கப் போயினம்?" என்பார். தோற்றால் "எழும்பு, செத்தது போதும்" என்பார். பலம் குறைந்தால் "சாப்பிட்டியோ? வெறும் வயித்தோடை சண்டைக்கு வராதை" என்பார். எல்லா வசனமும் எனக்கு மனப்பாடம். எந்த எண்ணுள்ள கோப்பில் எது இருக்கிறது என்பதும் மனப்பாடம். இப்போது மென்பொருள்களில் பிழை தேடுவதுதான் என் வேலை. அதற்கு வேண்டிய பழக்கம் அப்போதே வந்துவிட்டது.

எங்கள் குடும்பம் வடக்குக் கரையில் தலைமுறையாகக் கடலோடு இருந்த குடும்பம். அம்மாவின் தமையனான பெரிய மாமாவிடம் வள்ளங்கள் இருந்தன. அவுஸ்திரேலியாவுக்குப் படகு ஒன்று போகப்போகிறது என்ற கதை ஊரில் அடிபட்டபோது, அதற்கு ஆள் சேர்த்தவர் அவர்தான். யாராவது தயங்கினால் அவரிடம் ஒரே பதில் இருந்தது. "என்ரை சொந்தத் தம்பியையே ஏத்துறன். பிறகென்ன பயம்?" அந்தப் பதிலைக் கேட்டுத்தான் பலர் தங்கள் பிள்ளைகளை அனுப்பினார்கள். சின்ன மாமா போகும்போது கணினியை எனக்கு விட்டுவிட்டுப் போனார். மாமி அப்போது பிள்ளைத்தாச்சியாக இருந்தார்.

படகு போய்ச் சேர்ந்ததாக ஒரு தகவலும் வரவில்லை. மாமிக்குப் பெண்பிள்ளை பிறந்தது. சொந்தத்தில் அவருக்கு ஒருவரும் மிஞ்சியிருக்கவில்லை. வன்னியில் எல்லோரையும் இழந்துவிட்டுத்தான் எங்கள் ஊருக்கு வந்திருந்தார். அதனால் பெரிய மாமா வீட்டின் பின்னறையில் குழந்தையோடு இருந்தார். பெரிய மாமா முதலில் "அகதிக் காம்பிலை வைச்சிருப்பாங்கள்" என்றார். பிறகு "அங்கை போன் குடுக்க மாட்டாங்களாம்" என்றார். பிறகு சந்திப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டார்.

படகில் போன மற்றப் பிள்ளைகளின் தாய்மாரும் பெண்சாதிமாரும் சேர்ந்து ஒரு வான் பிடித்தார்கள். யாழ்ப்பாணத்துக்குப் போய், ஆட்களை அனுப்பியவர்கள் மேல் பொலிசில் முறைப்பாடு கொடுப்பது என்று முடிவாகியிருந்தது. சின்ன மாமியும் போவதாகச் சொல்லியிருந்தார். அவர் வாயால் பெரிய மாமாவின் பெயரைச் சொன்னால்தான் முறைப்பாடு நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கிழமை இடியப்பத் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் பெரிய மாமா வீட்டுக்குப் போனபோது குசினிக்குள் சத்தம் கேட்டது.

"நான் ஆரையும் குற்றம் சொல்லப் போகேல்லை அண்ணை," என்றார் மாமி. "அவர் இருக்கிறாரோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியோணும். இல்லையெண்டால் செய்ய வேண்டியதைச் செய்யோணும். நான் பொட்டு வைக்கிறதோ அழிக்கிறதோ?"

"வாயைக் கழுவு! பொட்டை ஏன் அழிக்கிறாய்? பொலிசுக்குப் போறவை போகட்டும். போறவள் திரும்பி என்ரை படலைக்குள்ளை வரத் தேவையில்லை."

நான் தட்டை வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். பொட்டு வைப்பதற்கும் பொலிசுக்கும் என்ன தொடர்பு என்று வழியெல்லாம் யோசித்தேன்.

வான் போகவிருந்ததற்கு முதல்நாள் பின்னேரம், நான் விளையாடிக்கொண்டிருந்தபோது பெரிய மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். என் இளவரசி அசுரனிடம் அடிபட்டு விழுந்தாள். "எழும்பு, செத்தது போதும்," என்றார் எலும்பண்ணை. நான் திரும்பிப் பார்த்தேன். பெரிய மாமா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தார். வெயிலில் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

பிறகு கதிரையை இழுத்து என் பக்கத்தில் இருந்தார். "உவன் வேறை என்னவெல்லாம் சொல்லுவான்?"

அவர் என்னோடு அவ்வளவு நேரம் இருந்தது அதுதான் முதற்தடவை. நான் எல்லாவற்றையும் போட்டுக் காட்டினேன். சிலவற்றைத் திரும்பப் போடச் சொன்னார். "நான் இஞ்சைதான் இருக்கிறன், எங்கையும் போகேலாது." "இன்னும் கொஞ்ச நாள் பொறு, எல்லாம் சரிவரும்." அவை விளையாட்டில் மிகச் சாதாரணமான வசனங்கள், பகிடிகூட இல்லை. பெரிய மாமாவின் ரசனை இவ்வளவுதானா என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

"பிள்ளை, மாமி பாவம் எல்லே? அவவைக் கொஞ்சம் சந்தோஷப்படுத்துவமோ?" என்றார். "ஆருக்கும் சொல்லக்கூடாது. அம்மாவுக்கும் சொல்லக்கூடாது."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தேவையான கோப்புகளை ஒரு பக்கத்தில் சேர்த்து வைத்தேன். "நான்தான்" என்ற சொல்லோடு நிறுத்த வேண்டும்; ஒரு கணம் பிந்தினால் சுடலை வந்துவிடும். "சாப்பிட்டியோ" என்பதோடு நிறுத்தாவிட்டால் சண்டை வந்துவிடும். மாமியின் சிரிப்பு இருந்த கோப்பு வேண்டாம் என்று நானே சொன்னேன். "கெட்டிக்காரி," என்று பெரிய மாமா என் தலையைத் தடவினார். தன் போனுக்குள் ஒரு புதுச் சிம்மைப் போட்டார். அந்த நாட்களில் வெளிநாட்டு அழைப்புகள் ஏதேதோ உள்ளூர் எண்களில் விழுவது வழமை; எந்த எண்ணைப் பார்த்தும் ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள். அம்மாவை "மச்சாளோடை போய்க் கொஞ்சம் இரு" என்று மாமியிடம் ஏற்கெனவே அனுப்பியிருந்தார். எதற்காக அனுப்பினார் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்ததா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

போனை ஒலிபெருக்கிக்கு முன்னால் பிடித்தார். மணி அடித்தது.

"கலோ? ஆர் கதைக்கிறது?"

"ஓம், நான்தான்."

சரியான இடத்தில் நிறுத்தினேன். அந்தப் பக்கத்தில் ஏதோ கீழே விழுந்து உருண்டது.

"இஞ்சேருங்கோ! எங்கை நிக்கிறியள்? எங்கையப்பா நிக்கிறியள்?"

"நான் இஞ்சைதான் இருக்கிறன்."

"கடவுளே! ஏன் இவ்வளவு நாளும் எடுக்கேல்லை? எங்களுக்குப் பெட்டைப்பிள்ளை பிறந்திருக்கு, தெரியுமோ? உங்கடை மூக்கு. அப்பிடியே உங்கடை மூக்கு."

பிள்ளை பிறந்ததற்கு எலும்பண்ணையிடம் வசனம் இல்லை. பெரிய மாமா கையைச் சுழற்றி அவசரப்படுத்தினார்.

"சாப்பிட்டியோ?" என்று போட்டேன்.

மாமி அழுதார். அழுகைக்கு நடுவில் "ஓம், ஓம், சாப்பிட்டனான்" என்றார். பிறகு குரலைச் சரிப்படுத்திக்கொண்டு கேட்டார். "மற்றப் பெடியளும் உங்களோடை நிக்கினமோ? பக்கத்து ஒழுங்கைத் தம்பி நிக்கிறானோ? தாய் ஒவ்வொரு நாளும் வந்து கேக்கிறா. சொல்லுங்கோ."

இதற்கு எதைப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. பெரிய மாமாவைப் பார்த்தேன், அவருக்கும் தெரியவில்லை. அவசரத்தில் வேறெதையோ அழுத்திவிட்டேன்.

"உனக்கு இன்னும் வடிவாச் சாகத் தெரியேல்லை. என்னைப் பார்த்துப் பழகு," என்றது சின்ன மாமாவின் குரல். அதைத் தொடர்ந்து ஒரு பெண் வாய் பொத்தி, பொத்த முடியாமல் சிரித்தாள்.

பெரிய மாமாவின் முகம் சாம்பலாகிவிட்டது.

"திருப்பி ஒருக்காச் சொல்லுங்கோ," என்றார் மாமி. அவர் இப்போது அழவில்லை.

பெரிய மாமா தடுக்குமுன் நான் போட்டுவிட்டேன். இந்த முறை கவனமாக இருந்தேன். சிரிப்பு தொடங்குமுன்பே நிறுத்திவிட்டேன்.

மாமி கொஞ்ச நேரம் காத்திருந்தார். "சரி," என்றார். "வைக்கிறன்."

போன் அணைந்தது. பெரிய மாமா கதிரையில் அப்படியே இருந்தார். "அறிஞ்சிட்டாள்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நான்தான் பிழைவிட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆனால் அடுத்தநாள் காலை எல்லாம் நாங்கள் நினைத்ததற்கு மாறாக நடந்தது. பெண்கள் வானில் ஏறுவதற்காகச் சந்தியில் கூடினார்கள். சின்ன மாமியும் வந்தார். முழுகி, பெரிதாகக் குங்குமம் வைத்து, குழந்தையை இடுப்பில் வைத்திருந்தார். "நான் வரேல்லை. அவர் நேற்று எடுத்துக் கதைச்சவர்," என்றார். சொல்லும்போது ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. பள்ளிக்கூடம் போகிற வழியில் நான் அதைக் கேட்டேன்.

கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டது. பக்கத்து ஒழுங்கைத் தம்பியின் தாய் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ரை குஞ்சும் நிக்கிறானாமோ பிள்ளை? கேட்டனீயே?"

"கேட்டனான் அம்மா," என்றார் மாமி. "மறுமொழி வர முதல் லைன் அறுந்து போச்சு."

"அறுந்தால் அறுந்திட்டுப் போகுது. ஒருத்தன் இருந்தால் எல்லாரும் இருப்பினம்தானே!"

அந்த அம்மா அங்கேயே அழுதார், சிரித்தார், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க ஓடினார். மற்றவர்களும் ஆளுக்காள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வான்காரர் நெடுநேரம் ஹோர்ன் அடித்துப் பார்த்துவிட்டு, ஏசிக்கொண்டு வெறும் வானைத் திருப்பினார். பெரிய மாமா மதிலோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமி அவரைக் கடந்து, தலையைக் குனிந்தபடி, அவர் வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போனார்.

ஒரு சந்தி நிறையப் பெண்களை நான் சந்தோஷப்படுத்திவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. பின்னேரம் பெரிய மாமா எனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார். தந்தாரே தவிர, நான் அதைச் சாப்பிட்டு முடிக்கும்வரை நிற்கவில்லை.

பொழுதுபடும் நேரம் சின்ன மாமி குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா அவருடைய முகத்தைப் பார்க்காமல் தேத்தண்ணி போட உள்ளே போய்விட்டார். நான் மேசையில் கணக்குக் கொப்பியை விரித்து வைத்திருந்தேன். பக்கத்தில் கணினி அணைந்து கிடந்தது. மாமி அதன் பக்கம் திரும்பவே இல்லை. குழந்தையின் வாயில் வடிந்ததைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கும் எடுப்பாரோ பிள்ளை?" என்று மெதுவாகக் கேட்டார்.

பெரிய மாமாவிடம் கேட்காமல் என்னிடம் கேட்கிறாரே என்று ஒரு கணம் திகைத்தேன். பிறகு இரகசியம் வெளியே தெரியாதபடி முகத்தை வைத்துக்கொண்டேன்.

"ஓம் மாமி. கட்டாயம் எடுப்பார்."

"எண்டால் பள்ளிக்கூடத்து வேலையளை வேளைக்கே முடிச்சுப் போடு," என்றார்.

சின்ன மாமா கடலுக்கு அப்பாலிருந்து எடுப்பதற்கும் என்னுடைய கணக்குகளுக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் மாமி கேட்டாரே என்று, அடுத்தநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் சட்டையும் மாற்றாமல் கணக்குகளைச் செய்து முடித்துவிட்டு, கணினியைப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன்.