காம்பவுண்டுக்குள் ஒரு குட்டை

ஒரகடம் பக்கம் குடிவந்த புதிதில் நான் முதலில் விசாரித்தது ரேஷன் கடையையோ ஆஸ்பத்திரியையோ அல்ல, தண்ணீரை. குடிக்கிற தண்ணீர் இல்லை, தூண்டில் போடுகிற தண்ணீர். வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "மீனு வோணும்னா மார்க்கெட்டுக்குப் போப்பா. ஏரியில இன்னாத்துக்குக் குந்திகினு?" என்றார். விற்கிற மீன் எனக்கு வேண்டாம் என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலையில் அசெம்பிளி லைனில் எனக்கு வேலை. கார் கதவின் கைப்பிடிக்கு ஸ்க்ரூ முடுக்க வேண்டும். ஒன்றை முடுக்கி நிமிர்வதற்குள் அடுத்தது வந்து நிற்கும். ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால்கூட மாற்றாள் வந்து நின்றால்தான் உண்டு. வேலைதான் லைனில் என்றால், குடியிருந்ததும் லைன் வீடு. ஒற்றை அறை, ஒரே ஜன்னல், அதைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். நானும் மனைவியும் இடித்துக்கொள்ளாமல் நடக்கப் பழகியிருந்தோம். வாரத்துக்கு ஒரு நாள் வீக் ஆஃப். அந்த நாளில் கொஞ்ச நேரமாவது தண்ணீரைப் பார்த்து உட்காராவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று நிஜமாகவே பயந்தேன். லைனில் எல்லாம் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கும். மீன் அப்படி வராது. அது வராமல் இருக்கிற அந்த நேரம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

தேடினேன். முதலில் போன ஏரியில் தக்கை நிமிர்ந்து நிற்பதற்குள் கரைமேல் ஒரு பைக் வந்து நின்றது. "யாரக் கேட்டுப் போட்ட? ஏரிய ஏலம் எட்த்துக் கீறோம்" என்றார் வந்தவர். ஏரியில் மீன் குத்தகைக்குப் போயிருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? தண்ணீர் மேலேயா எழுதி வைத்திருக்கிறது? இதை மனசுக்குள் கேட்டிருந்தால் பிழைத்திருப்பேன், வாய்விட்டே கேட்டுவிட்டேன். அவர் தூண்டிலைப் பிடுங்கி, முழங்காலில் வைத்து முறித்துப் போட்டுவிட்டுப் போனார். வேறொரு வாரம் வாலாஜாபாத் வரை வண்டியை விரட்டிப் போய்ப் பாலாற்றைப் பார்த்தேன். ஆறு இருந்தது, தண்ணீர்தான் இல்லை. நட்டநடு ஆற்றில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். திரும்பும் வழியில் கல்குவாரிக் குட்டை ஒன்று கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. அதன் ஆழத்தைச் சொன்னதும் மனைவி, "இனிமே அங்க போனீங்கன்னா நான் திருநெல்வேலிக்கு பஸ் ஏறிருவேன், பாத்துக்கோங்க" என்றாள். சும்மா மிரட்டுகிறவள் இல்லை, ஏறிவிடுவாள்.

நல்ல இடம் கடைசியில் எங்கே கிடைத்தது என்று நினைக்கிறீர்கள்? நான் வேலை பார்த்த தொழிற்சாலைக்கு உள்ளேயே.

கேட்டில் செக்யூரிட்டியாக இருந்தவர் பென்னலூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். ஊர்ப் பழக்கத்தில் அவரை அண்ணாச்சி என்பேன். "நான் இன்னா மளிகைக் கடையா வச்சிகினு கீறேன்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். ஒருநாள் ஷிப்ட் முடிந்து பையைச் சோதிக்கும்போது தூண்டில் முள் பாக்கெட் அவர் கையில் மாட்டியது. நான் படுகிற பாட்டைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"கேன்டீனுக்குப் பின்னாண்ட மழைத்தண்ணிக் குட்டை கீதே, பாத்ததில்ல? இதெல்லாம் நெல்லு வயலா இருந்த காலத்துக் குட்டை. கம்பெனிக்காரனுங்க தூர்க்காம வுட்டுட்டானுங்க. மீனு சும்மா துள்ளிகினு கெடக்குது. வீக் ஆஃப்ல வா, வுட்றேன்."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன கேடு?

"ஆனா கார்டு தேச்சிட்டுத்தான் போணும். நெருப்பு கிருப்புன்னா உள்ள எத்தினி பேருன்னு தலைய எண்ணுவானுங்க. யார்னா கேட்டா எம் பேர மட்டும் இஸ்துடாத தம்பி. என் வேல பூடும்."

எந்தக் கேட்டைத் தாண்டி ஓட வேண்டும் என்று ஷிப்ட் முழுக்கத் தவித்தேனோ, அதே கேட்டுக்குள் லீவு நாளில் நானாகவே கார்டைத் தேய்த்துவிட்டுப் போனேன். என்னை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. குட்டைக்கரையில் உட்கார்ந்ததும் அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது. ஒரு பக்கம் காம்பவுண்டுச் சுவர், மறுபக்கம் ஷெட்டின் முதுகு, நடுவில் கோரைப்புல்லும் பச்சைத் தண்ணீரும். ஜிலேபிக் கெண்டை கிடைத்தது. ஒருமுறை நல்ல விரால் ஒன்று. முதல் மீன் எப்போதும் செக்யூரிட்டிக்கு. அந்த வாரங்களில் மனைவி, "இப்பதான் மனுஷன் மூஞ்சியா இருக்கு" என்றாள். சந்தோஷமாக இருந்தேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தக்கை மெல்ல இழுபட ஆரம்பித்த நேரத்தில் போன் அடித்தது. சூப்பர்வைசர்.

"இன்னாபா, வீக் ஆஃப்ல உள்ள கீற? சிஸ்டம்ல உன் பேரு காட்டுது."

கார்டு அங்கேயும் போய்ச் சொல்லும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மீன் பிடிக்கிறேன் என்றால் கேட்டில் நிற்கிற மனிதரின் வேலை போகும். நானோ கான்ட்ராக்ட் ஆள், அந்த வருஷம் நிரந்தரமாக்குவார்கள் என்று வாயைப் பார்த்துக்கொண்டிருந்தவன். வாயில் முதலில் வந்ததைச் சொன்னேன்.

"ஓ.டி. ஏதாவது கெடைக்குமான்னு பாக்க வந்தேன் சார்."

"சூப்பர்பா! லைன்ல ஒரு ஆளு ஷார்ட்டு, நானே தலையப் பிச்சிகினு கீறேன். வா வா" என்றார். தூண்டிலைக் கோரைக்குள் சொருகிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு லைனுக்குப் போனேன். கையுறைக்குள் மண்புழு வாடை அடித்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை மீட்டிங்கில் சூப்பர்வைசர் என்னை முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார். லீவு நாளில் தானாகவே வேலை கேட்டு வந்தவர், எல்லாரும் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். கைதட்டினார்கள். சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினார்கள், அது எனக்குத் தெரிந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெருமையில் கண் கலங்குகிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வாரக் கடைசியில் புது ரோஸ்டர் ஒட்டினார்கள். எல்லாருக்கும் வீக் ஆஃப் இருந்தது. என் பெயருக்கு நேரே, ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் ஓ.டி. என்று போட்டிருந்தது. அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும் அதேதான். சூப்பர்வைசரைத் தேடிப் போய், "சார், இந்த வாரம் மட்டும்..." என்று இழுத்தேன்.

"நீயாத்தானபா கேட்டு வந்த?" என்று தோளில் தட்டினார்.

ஆமாம் சார் என்றேன்.