மேட்டுக்கு மட்டும்தான் விலை

அன்னம்மாவுக்குச் சிலுவைராஜ் நாலாயிரம் சிங்கப்பூர் வெள்ளி கடன்பட்டிருந்தார். எழுபத்தெட்டாம் வருசம் வாங்கியது. முதல் லாரிக்கு முன்பணம் கட்ட வழியில்லாமல் அவர் நின்றபோது, துறைமுக விபத்தில் போன புருஷனுக்காக வந்த பணத்தை அந்த அம்மா அப்படியே தூக்கிக் கொடுத்தாள். "வட்டி எல்லாம் வேணாம்ணே. ஆனி கல்யாணத்துக்கு முன்னால குடுத்துருங்க" என்றாள். மகள் ஆனிக்கு அப்போது பன்னிரண்டு வயது. கல்யாணம் எங்கேயோ கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டார் சிலுவைராஜ்.

அவரைச் சாதாரண ஆள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டு, தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர் இரண்டு லாரிக்கு முதலாளி ஆனார். பட்டம் வாங்கியவர்கள் பஸ்ஸுக்கு நிற்கும்போது இவர் தங்கப் பட்டை போட்ட கடிகாரத்தோடு தேக்காவில் வந்து இறங்குவார். மணி கேட்காதவனுக்கும் சட்டைக் கையை ஏற்றி மணி சொல்வார். வியர்வை சிந்திச் சம்பாதித்தவன் காட்டாமல் வேறு எவன் காட்டுவான்?

எண்பத்தைந்தில் தொழில் படுத்துவிட்டது. கட்டட வேலைகள் பாதியில் நின்றன. ஒரு லாரி கைவிட்டுப் போனது, மற்றது டீசல் காசுக்கே ஓடியது. எண்பத்தெட்டில் ஆனிக்கு மாப்பிள்ளை அமைந்து, கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண ஓலையில் முதலாவதும் வாசித்தாகிவிட்டது. ஈஸ்டர் கழிந்ததும் கல்யாணம்.

பரமசிவம் வந்து இறங்கியது அந்த நேரத்தில்தான். திருநெல்வேலிப் பக்கம், மலைக் கணவாய்க்குக் கீழே இருக்கிறது இவர்கள் ஊர். அங்கே ஒரு கம்பெனி நூறு காற்றாலை நட்டு மின்சாரம் எடுக்கப் போகிறது. அதற்கு நிலம் பிடித்துத் தரும் தரகன் இவன். சிலுவைராஜையும் சேர்த்து நிலத்துக்காரர்களில் பாதிப்பேர் சிங்கப்பூரில் இருந்ததால் தேடிக்கொண்டு வந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஃபேரர் பார்க் காப்பிக் கடையில் வரைபடத்தை விரித்தான். "வருசம் பூரா உங்க மேட்டுல கம்பம் நட்டுக் காத்தை அளந்துட்டாங்க அண்ணாச்சி. இந்தக் காத்து வேற எங்கயும் கிடையாதாம். ஆறு ஏக்கருக்கும் சேர்த்து ஒம்பதாயிரம் வெள்ளி. இங்கேயே தந்துருதேன்."

ஊரில் பக்கத்து வயல்காரரான சூசைநாதன் விலாவில் இடித்தார். "யோசிக்காத மச்சான். உன் நிலம் நடுவுல கிடக்கு. நீ குடுத்தாத்தான் எங்களுக்கும் விலை."

சிலுவைராஜ் கையை நீட்டி ஐந்நூறு வெள்ளி முன்பணம் வாங்கினார். எல்லாருடைய காப்பிக்கும் அவரே காசு கொடுத்தார்.

அங்கிருந்து நேரே தேக்கா சந்தைக்கு, அன்னம்மாவின் ஆப்பக் கடைக்குப் போனார். "உன் பணம் வந்தாச்சு, தங்கச்சி. நிலத்தைக் காற்றாலைக்காரனுக்கு வித்துட்டேன்."

அன்னம்மா மாவுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "கிணறும் சேர்த்தா?"

"நிலத்துல இருக்கிற கிணத்தைத் தோள்ல தூக்கிக்கிட்டா வர முடியும்?"

"அப்ப பூவம்மா முறை?"

சிலுவைராஜுக்கு முகம் செத்துப்போனது. பூவம்மா அன்னம்மாவின் தங்கை. ஊரில் கீழ்வயலில் கத்தரியும் வெண்டையும் போட்டுப் பிழைக்கிறாள். அந்தக் கிணற்றில் பாறை வந்தபோது உடைத்துக் கொடுத்தவர் அவர்கள் அப்பா. கூலி வாங்கவில்லை. அதற்கு ஈடாக, வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் கீழ்வயலுக்கு என்று சிலுவைராஜின் அப்பா கோயில் வாசலில் வைத்துச் சொல்லியிருந்தார். சிங்கப்பூர் வந்து அடுக்குமாடி வீட்டில் குழாயைத் திருகிப் பழகியவருக்கு அது மறந்தே போயிற்று.

"பத்திரத்துல அப்படி ஒண்ணும் இல்லையே" என்றார், குரல் இறங்கி.

"உங்கப்பா வாயில இருந்துச்சுல்ல? கம்பெனிக்காரன் வேலி போட்டா அவ எங்கண்ணே போவா? என் கடனை அவ தண்ணியிலயா கழிப்பீங்க? அந்தக் காசு என் மக கல்யாணத்துக்கு ஆகாது." கரண்டியை எடுத்துக்கொண்டாள். "ஆனா கடனும் கடன்தான். ஓலை வாசிச்சாச்சு, ஞாபகம் இருக்கட்டும்."

அன்று சாயங்காலமே சிராங்கூன் சாலையில் பரமசிவம் தங்கியிருந்த மாடி அறைக்குப் படியேறினார். சூசைநாதனும் அங்கே இருந்தார்.

"தம்பி, மேட்டை எடுத்துக்க. வண்டிப் பாதையும் தாரேன். கிணறும் அதைச் சுத்தி என் கீழ் நிலமும் கிடையாது."

பரமசிவம் சிரித்தான். "கை நீட்டி வாங்கியாச்சு அண்ணாச்சி. மாத்திப் பேசினா ரெண்டு மடங்கா வைக்கணும். அதுதானே நம்ம பக்கத்து வழக்கம்?"

ஆயிரம் வெள்ளி. வாங்கிய ஐந்நூறில் பாதியை டயருக்குக் கொடுத்தாகிவிட்டது.

"ஒரு பொம்பளை கத்தரிச் செடிக்காக எங்க எல்லார் வாயிலயும் மண்ணைப் போடுறியே, என்ன மச்சான் இது?" என்று சூசைநாதன் எகிறினார். "அவ்வளவு பெரிய ஆளா நீ?"

"பெரிய ஆளுதான்லா. இல்லேன்னா எதுக்கு எல்லாரும் என் கையெழுத்துக்குக் காத்துக் கிடக்கீங்க?"

"கம்பெனி அடுத்த ஊருக்குப் போயிரும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லப்படாது" என்றான் பரமசிவம். சொன்னானே தவிர, வரைபடத்தைச் சுருட்டவில்லை. அவன் விரல் மேட்டின் மேலேயே போய்ப் போய் நின்றது. இன்னொரு தேநீர் சொல்லட்டுமா என்று வேறு கேட்டான். போகச் சொல்கிறவன் தேநீர் சொல்லமாட்டான். துறைமுகத்தில் எத்தனை கங்காணிகளிடம் கூலி பேசியவர் சிலுவைராஜ்!

"சரி, அடுத்த ஊருக்கே போங்க" என்று எழுந்து செருப்பை மாட்டினார்.

கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். மேலே சத்தமே இல்லை. அவன் கூப்பிடாவிட்டால் இரட்டைப் பணமும் போச்சு, கடனும் நிற்கும், ஊர்க்காரன் ஒருவன் முகம் கொடுத்துப் பேசமாட்டான். பாதிப் படி, கடைசிப் படி, கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி வழி. பூக்கடைக்காரர் தெரிந்தவர், "என்னண்ணே, மணி என்ன?" என்றார். சிலுவைராஜ் காதில் விழாதவர்போல் நின்றார்.

"அண்ணாச்சி! ஏ அண்ணாச்சி! கொஞ்சம் நில்லுங்க!" ஜன்னலில் பரமசிவத்தின் தலை. "காலையில கம்பெனிக்குத் தந்தி அடிக்கணும். மேலே வாங்க, பேசிக்கிடலாம்."

சிலுவைராஜ் ஒரு வெற்றிலை வாங்கிப் போட்டு, நன்றாக மென்று, அப்புறம்தான் ஏறினார். காற்றாலைக் கோபுரத் தளவாடங்கள் போக அந்த மேட்டை விட்டால் பாதை இல்லை என்பது பேச்சுவாக்கில் வெளியே வந்தது. மேடும் பாதையும் கம்பெனிக்கு. கிணறும் கீழ் நிலமும் இவருக்கு, பூவம்மாவின் முறை பூவம்மாவுக்கு. முன்பணமும் சேர்த்து இரண்டாயிரத்து எண்ணூறு வெள்ளி. சூசைநாதன் நிலத்துக்கும் விலை படிந்தது. "பெரிய ஆளுதான் மச்சான்" என்று அவர் வாயாலேயே சொன்னார்.

ஆனால் கடன் நாலாயிரம். தவணை கேட்டுப் பார்க்கலாமா என்று ஒரு இரவு புரண்டார். இரண்டாம் ஓலை வாசித்தார்கள். மறுநாள் காலையில் சிராங்கூன் சாலை நகைக்கடை ஒன்றுக்குள் போய், சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

ஆப்பக் கடையில் கூட்டம் இல்லை. விஷயத்தைச் சொன்னார். அன்னம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். "மேடு மட்டும்தானே?" என்று திரும்பவும் கேட்டாள்.

"மேடு மட்டும்தான். கையை நீட்டு."

சேலைத் தலைப்பில் மாவைத் துடைத்துக் கையை விரித்தாள். சிலுவைராஜ் விரலை எச்சில் தொட்டு ஒவ்வொரு நோட்டாக வைத்தார். சட்டைக் கை மேலே ஏறியது. வெயில் படாத வெள்ளைத் தடம் மணிக்கட்டைச் சுற்றிக் கிடந்தது. அன்னம்மா அதையே பார்த்தாள்.

"மணி என்னண்ணே?"

"எண்ணும்போது பேசாத" என்று கடைசி நோட்டை அவள் உள்ளங்கையில் வைத்தார்.